கடல் நடுவே ஒரு காலித் தெரு

நம் சென்னைக்காரர்களுக்குத் தீவு என்றால் தீவுத்திடல். பொருட்காட்சி, ராட்டினம், டெல்லி அப்பளம், அவ்வளவுதான். படகு என்றால் முட்டுக்காடு. மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்டு, கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருபத்தைந்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற நானும் அப்படித்தான். மாசிமகத்துக்குக் கால் நனைத்ததோடு சரி. அப்படிப்பட்டவள், பன்னிரண்டு பேர் மட்டுமே ஏறக்கூடிய ஒரு சின்னப் படகில் அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்குள் மூன்று மணி நேரம் போய், ஆளில்லாத ஒரு தீவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் நீங்கள் நம்பத்தான் வேண்டும், சகோதரிகளே!

போனது என்னவோ பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க. மாப்பிள்ளைக்கு ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில் வேலை. மார்ச் மாதம் லேகியமும் பத்தியப் பொடியுமாகப் போய் இறங்கினேன். பேரன் பிறந்து மூன்று மாதம் ஆகி, என்னை அழைத்துப் போக இவரும் வந்து சேர்ந்தபோது ஜூன் மாதம். ராத்திரி பத்தரை மணிக்கும் வெளிச்சம். "இவ்வளவு தூரம் வந்துட்டு சமையல் உள்ளையே பார்த்துண்டு போகப் போறியா? நீங்க ரெண்டு பேரும் செயின்ட் கில்டா போயிட்டு வாங்கோ. நாங்க குழந்தையோட கரையிலேயே இருக்கோம்" என்றாள் என் பெண். எனக்கு அந்தப் பெயரே புதுசு. மெல்போர்னில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அங்கே இதே பெயரில் ஒரு பேட்டை இருக்கிறது. 'லேடி ஆஃப் செயின்ட் கில்டா' என்ற பாய்மரக் கப்பல் அந்தக் கரையில் வந்து நின்றதால் வந்த பெயராம். அந்தக் கப்பலுக்குப் பெயர் கொடுத்தது நான் பார்த்த தீவு.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஹெப்ரைட்ஸ் என்று ஒரு தீவுக்கூட்டம். அதன் வெளி வரிசையையும் தாண்டி, இன்னும் சுமார் 65 கிலோமீட்டர் மேற்கே, தனியாகக் கடலில் முளைத்து நிற்கிற பாறைகள்தான் செயின்ட் கில்டா. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரியில். அது கிட்டத்தட்ட 58 டிகிரியில். அவற்றில் பெரிய தீவுக்கு ஹிர்ட்டா என்று பெயர். பெரியது என்று பேர்தானே தவிர, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நம் கபாலி கோயில் குளத்திலிருந்து அடையாறு பாலத்தைத் தாண்டிப் போகிற தூரம்தான். ஆனால் அதில் 430 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை. மலையின் ஒரு பக்கம் கத்தியால் நறுக்கியது போலக் கடலில் இறங்குகிறது.

கிளாஸ்கோவிலிருந்து ஸ்கை தீவு வரை காரில் போய், அங்கே ஊய்க் என்ற துறையில் காரோடு பெரிய கப்பலில் ஏறி ஹாரிஸ் தீவுக்குப் போக வேண்டும். அதன் தெற்கு ஓரத்தில் லெவர்பர்க் என்று ஒரு கிராமம். இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் வீட்டில் துணி துவைத்த சன்லைட் சோப்பும், குளித்த லைஃப்பாய் சோப்பும் செய்த அதே லீவர்தான்! சோப்பு விற்றுப் பணக்காரரான லீவர்ஹூல்ம் பிரபு, 1919-ல் ஹாரிஸ் தீவையே விலைக்கு வாங்கினார். பெரிய மீன்பிடித் துறைமுகம் கட்டப் போகிறேன் என்று அந்தக் கிராமத்துக்குத் தன் பெயரையும் சூட்டினார். 1925-ல் அவர் காலமானதும் திட்டமும் போயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

செயின்ட் கில்டா படகு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரைதான் ஓடும். அதிலும் கடல் சம்மதித்தால்தான். முதல் நாள் மாலை படகுக்காரர் போன் செய்து, "நாளைக்குக் காற்று சரியில்லை, நாளை மறுநாள் பார்க்கலாம்" என்றார். இதற்காகவே எல்லோரும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டு விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இந்த இடம் லாயக்கில்லை.

உடுப்பு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். புடவை கட்டிக்கொண்டு போகவே முடியாது. அங்கே படகு கரைக்குப் போவதில்லை. நடுவில் நிறுத்தி, காற்றடைத்த ரப்பர் தோணி ஒன்றில் நாலைந்து பேராக இறக்கிக் கொண்டுபோய்க் கல்படியில் விடுகிறார்கள். தோணி ஏறி இறங்கி ஆடும்போது, படகுக்காரர் "இப்போது!" என்று சொல்கிற நொடியில் கால் வைத்துத் தாண்ட வேண்டும். மடிசார் கட்டிய எங்கள் பாட்டியாக இருந்தால் ஒரே எட்டில் தாண்டியிருப்பாள். ஆறு கஜத்துக்கு அது நடக்காது. உள்ளே கம்பளி பனியன், மேலே சல்வார், அதற்கு மேல் மாப்பிள்ளையின் மழைக்கோட்டு, தலைக்குக் குல்லாய். ஜூன் மாதம் என்று பேர், ஊட்டிக் குளிர் தோற்றது. என்னைப் பார்த்து இவர் சிரித்த சிரிப்பைப் படகுக்காரரும் பார்த்தார்.

சாப்பாடு நாமே கொண்டுபோக வேண்டும். தீவில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. புளி அவலும், இஞ்சி தட்டிப்போட்ட தயிர்சாதமும், நார்த்தங்காயும் எடுத்துக்கொண்டேன். கடல் குமட்டலுக்கு மாத்திரை இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் பிரயோஜனமில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றபடி, வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, முட்டவும் கூடாது. படகின் உள்ளே போய்ப் படுப்பதைவிட, வெளியே உட்கார்ந்து கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. நான் அப்படியே இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தப்பித்தேன். இவர் மொபைலில் போட்டோ பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டாவது மணி நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது.

தூரத்தில் முதலில் தெரிந்தது பாறையில் பனி படிந்த மாதிரி வெள்ளை. கிட்டே போனால் அந்த வெள்ளை அசைகிறது! அத்தனையும் கேனட் என்ற கடற்பறவைகள். கலர் பூசிய மூக்கோடு, கோமாளி போல இருக்கும் பஃபின்கள் படகைச் சுற்றி நீந்தின. குழந்தைகள் படப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்.

கல்படியில் ஏறியதும், ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் காவலர் வரவேற்று முதலில் சொன்னது: "உங்கள் பைகளில் எலி, சுண்டெலி ஏதும் இல்லையே? பார்த்துக்கொள்ளுங்கள்." வேடிக்கை இல்லை. ஒரு ஜோடி எலி இறங்கிவிட்டால் அத்தனை பறவைகளின் முட்டையும் போச்சு. அந்தத் தீவு 1957 முதல் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. 1986-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆயிற்று. ராணுவ ராடார் நிலையத்தில் வேலை செய்கிறவர்களும், ஆராய்ச்சிக்கு வருகிறவர்களும் தவிர ஊர்க்காரர் என்று ஒருவரும் இல்லை.

மலையடிவாரத்தில் பிறைச்சந்திரன் போல வளைந்து ஒரே ஒரு தெரு. ஒரே வரிசையில் கல் வீடுகள். 1860-களில் கட்டியவை பதினாறு. கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்பவைதான் அதிகம். சில வீடுகளில் கடைசியாகக் குடியிருந்தவரின் பெயரைக் கல்லில் எழுதி அடுப்பங்கரையில் வைத்திருக்கிறார்கள். ஊரில் ஒரு மரம் கிடையாது. காற்று விடாது.

எப்படித்தான் குடித்தனம் நடத்தினார்களோ! ஆண்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பாறையில் இறங்கிப் பறவை பிடிப்பார்கள். அதுதான் சாப்பாடு, அதன் எண்ணெய்தான் விளக்குக்கு, அதன் இறகுதான் ஜமீன்தாருக்குக் குத்தகை. காலைக் கஞ்சியிலும் ருசிக்காகப் பறவையைப் போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். நான் கையிலிருந்த தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களை மெச்ச வேண்டும். தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேலாகச் சின்னச் சின்னக் கல் குடில்கள். சுண்ணாம்பு இல்லாமல் கல்லை அடுக்கி, மேலே புல் மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். கற்களின் இடுக்கில் காற்று போகும், மழை இறங்காது. பறவை, புல், கரி மண் எல்லாம் இதில் வைத்து உலர்த்தினார்கள். வடாம் வற்றலுக்கு மொட்டை மாடியில் காக்காய் ஓட்டும் நமக்கு அதன் அருமை புரியும்.

வெளியூர்ப் படகு வந்தாலே அவர்களுக்குப் பயம். படகு வந்தால் ஊருக்கே இருமல் வருமாம். 1697-ல் அங்கே போன மார்ட்டின் மார்ட்டின் என்பவரே இதை எழுதியிருக்கிறார். கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலம். பெரியம்மை வந்தது இன்னும் கொடுமை. 1727-ஐ ஒட்டி, ஹாரிஸ் தீவில் இறந்துபோன ஒருவருடைய துணிமணியோடு அந்த நோய் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். ஊரே அழிந்தது. பறவை பிடிக்கப் பக்கத்துப் பாறைக்குப் போயிருந்த மூன்று ஆண்களும் எட்டுப் பையன்களும், அழைத்துப் போக ஆள் வராமல், குளிர்காலம் முழுக்க அந்தப் பாறையிலேயே கிடந்து பிழைத்தார்கள்.

தெருவுக்குப் பின்னால் வட்டமாகச் சுவர் எடுத்த இடுகாடு இருக்கிறது. நடுநடுவே பெயர் எழுதாத கற்கள். என் கூட வந்த ஒரு ஸ்காட்டிஷ் அம்மாள், "இதில் முக்கால்வாசி குழந்தைகளாக இருக்கும்" என்றாள். ஓய்வு பெற்ற நர்ஸாம். இரண்டு பேரும் சுவர் மறைவில் உட்கார்ந்துகொண்டோம். நான் அவளுக்குப் புளி அவல் கொடுத்தேன். அவள் எனக்கு இந்தக் கதையைச் சொன்னாள். பிறகு என் பெண் வாங்கிக் கொடுத்த புத்தகத்திலும் படித்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து இரண்டு வாரத்துக்குள் செத்துப்போயின. குழந்தை நன்றாகப் பிறக்கும், நன்றாகப் பால் குடிக்கும். நாலைந்து நாள் கழித்துத் திடீரென்று பால் குடிக்காது. தாடை இறுகும். உடம்பு வில்லாக வளையும். எட்டாம் நாள் வாக்கில் முடிந்துவிடும். அதற்கு 'எட்டாம் நாள் நோய்' என்றே பெயர். எட்டு நாள் தாண்டும் வரை தாய்மார்கள் குழந்தைக்கென்று துணிகூடத் தைக்க மாட்டார்களாம். நம் வீடுகளிலும் பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கக்கூடாது, பழைய வேட்டித் துணியில்தான் சுற்ற வேண்டும், பதினோராம் நாள்தான் பெயர் என்று வைத்திருக்கிறார்களே, அதெல்லாம் இப்படிப்பட்ட பயத்தில் வந்ததுதானோ என்று எனக்குத் தோன்றியது.

அந்த நோய்தான் ரண ஜன்னி. டெட்டனஸ். தொப்புள்கொடி அறுத்த புண் வழியாக ஏறுகிறது. கொடிக்குப் பறவை எண்ணெய் தடவினார்கள், அந்த எண்ணெயைப் பறவையின் வயிற்றுப் பையில் சேர்த்து வைத்திருந்தார்கள், அதில்தான் கிருமி இருந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். மண்ணிலேயே இருந்தது என்று வேறு சிலர். கடவுள் சித்தம் என்று ஊர் நினைத்தது. 1889-ல் ஜப்பானிய டாக்டர் கிடாசாடோ அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதே வருஷம் ஹிர்ட்டாவுக்கு ஆங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார் வந்து சேர்ந்தார். குழந்தைகள் வரிசையாகப் போவதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டாமல், கிளாஸ்கோவுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் முறையைப் படித்துக்கொண்டு வந்தார். பாதிரியார், அதுவும் அந்தக் காலத்து ஆண்பிள்ளை, மருத்துவச்சி வேலை படிக்கப் போனார் என்றால் பாருங்கள்! கையைக் கழுவு, கத்தியைக் கிருமி போகச் சுத்தம் செய், கொடியில் எண்ணெய் தடவாதே. இவ்வளவுதான். 1891-க்குப் பிறகு அந்த நோயில் ஒரு குழந்தையும் சாகவில்லை. நம் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே தொடங்கிவிட்டது என்பதை நினைத்தால், அவர்கள் எவ்வளவு தனியாகக் கிடந்தார்கள் என்பது விளங்கும்.

குழந்தைகள் பிழைத்தார்கள், ஊர் பிழைக்கவில்லை. இளவயசுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். 1930 ஜனவரியில் மேரி கில்லிஸ் என்ற தாயைப் படகில் கிளாஸ்கோவுக்கு வைத்தியத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. குடல்வால் அழற்சி என்றே ஊரார் நினைத்தார்கள். கரையில் நின்ற அவர் பிள்ளைக்கு அப்போது ஐந்து வயசுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதுவும் போயிற்று, அம்மா இறந்தது நிமோனியாவில் என்பது அவருக்குத் தெரிந்தது 1991-ல்தான்! அறுபத்தொரு வருஷம் கழித்து, தனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று.

அந்த மே மாதமே, எங்களை அழைத்துப் போய்விடுங்கள் என்று ஊரார் அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். 1930 ஆகஸ்ட் 29 காலையில், மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் தானியத்தைக் குவித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்களாம். குடிபோகிற வீட்டில் நாம் அரிசியும் உப்பும் முதலில் கொண்டு வைக்கிறோம். விட்டுப் போகிற வீட்டிலும் தானியம் வைத்தவர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மரத்தையே பார்த்திராத அந்த ஆண்களில் பலருக்கு அரசாங்கம் கொடுத்தது காட்டு இலாகா வேலை. இதற்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

திரும்பி வரும் படகில் இவர் தூங்கிவிட்டார். எனக்கு என் அம்மா ஞாபகமாகவே இருந்தது. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து போய்விட்டது என்பதே, கல்யாணத்துக்குப் பிறகு என் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1972-ல் தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில், வீட்டில் பிரசவம். மருத்துவச்சி கொடியை அறுத்து வரட்டிச் சாம்பலை வைத்துக் கட்டினாளாம். ஏழாம் நாள் ஜன்னி கண்டது. அம்மா அதைப்பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

அம்மா இப்போது அடையாறில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஊர் திரும்பிய மறுவாரம் போனேன். பேரன் போட்டோவெல்லாம் காட்டிவிட்டு, தீவுக் கதையையும் சொன்னேன். பறவை, கல் வீடு எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் நோயைச் சொன்னதும், நறுக்கிக்கொண்டிருந்த அவரைக்காயை அப்படியே வைத்துவிட்டாள்.

"கொடியிலேர்ந்தா வரும்?"

"ஆமாம்மா. அறுக்கிற கத்தி, வைக்கிற சாம்பல், அதிலேர்ந்து."

"அப்போ, நான் மூணாம் நாள் தலைக்கு ஜலம் விட்டுண்டதுனாலே இல்லையாடி?"

ஐம்பது வருஷத்துக்கு மேலாக அம்மா இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஈரத் தலையோடு குழந்தைக்குப் பால் கொடுத்தாள், அதனால்தான் ஜன்னி கண்டது என்று அன்றைக்கு யாரோ சொன்னது. "இல்லவே இல்லைம்மா" என்றேன். இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் சொன்னேன். அப்புறம் அவரைக்காயை எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி என் பெண்ணை வீடியோவில் கூப்பிடச் சொல்லி, குழந்தைக்குக் கொடியில் என்ன போட்டார்கள் என்று விசாரித்தாள். "ஒண்ணுமே போடலை பாட்டி, காய்ஞ்சு தானே விழட்டும்னு விட்டுடச் சொன்னா. பத்தாம் நாள் விழுந்தது" என்றாள் அவள்.

இதை எழுதப் போகிறேன் என்றதும், "தீவைப்பத்தி மட்டும் எழுதாதே, ஊசியைப்பத்தியும் போடு" என்று சொன்னதும் அம்மாதான். ஆகவே போடுகிறேன். நம் நாட்டில் 1980-களில்கூட ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் ரண ஜன்னியில் போயிருக்கின்றன. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும் பரவிய பிறகு, 2015-ல்தான் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒழித்தது என்றால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது மண்ணிலும் சாணத்திலும் அப்படியே இருக்கிறது. டி.டி. என்கிற தடுப்பூசியைக் கர்ப்பம் தெரிந்தவுடன் ஒன்று, நாலு வாரம் கழித்து இன்னொன்று போடுகிறார்கள். மூன்று வருஷத்துக்குள் இரண்டும் போட்டு மறுபடி கர்ப்பமானவர்களுக்கு ஒரு பூஸ்டர். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லை. குழந்தையின் கொடியில் எண்ணெய், மஞ்சள், விபூதி, சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம். டாக்டர் சொன்னால் தவிர. ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, நாற்றமடித்தாலோ காட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை குடிக்காமல் நிறுத்தி, வாயோ உடம்போ விறைத்தால், திருஷ்டி கழிக்க உட்காராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.